தற்செயலாகச் சந்திக்கப் போன கப்பல்

கார்ட்டியர்வில், மொன்றியல்.
பங்குனி பிறந்தும் வாசலில் பனி கிடக்கும் ஒரு ஞாயிறு.

பேரன்புக்குரிய சிவநேசம் அத்தானுக்கு,

நீங்களும் புஷ்பவதி அக்காவும் நல்ல சுகத்துடன் இருக்கிறீர்கள் என்பது செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் நீங்கள் போட்ட சத்தத்திலிருந்தே தெரிந்துவிட்டது. ஆகவே சுகம் விசாரித்து உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. இங்கே நான், கமலாவதி, மகள் லோஜினி மூவரும் நலம். "உன்னால ரொறன்ரோவில நான் தலை நிமித்தி நடக்கேலாமக் கிடக்கு கனகசிங்கம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் போனை வைப்பதற்கு முன், அக்கா பின்னாலிருந்து "அவனையும் கொஞ்சம் கதைக்க விடுங்கோவன்" என்றது எனக்குக் கேட்டது. அந்தக் கொஞ்சத்தைத்தான் இப்போது எழுதுகிறேன். கடிதத்தை இடையில் நிறுத்தி "ஓமோம், அது கிடக்கட்டும்" என்று சொல்ல உங்களாலும் முடியாது.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லொங்குய்ய் ஆக்கள் உங்களிடம் வைத்த முறைப்பாடு இதுதான்: மகளைக் காட்டுவதாகக் கப்பலுக்கு வரச் சொல்லிவிட்டு, அவர்கள் கண் முன்னாலேயே நான் வேறொரு பகுதியோடு சம்பந்தம் பேசிக்கொண்டு திரிந்தேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பேசினேன்தான். ஆனால் லொங்குய்ய் ஆக்களோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினேன். இந்த ஒரு சின்ன வித்தியாசத்தை விளங்கப்படுத்தவே இத்தனை பக்கமும்.

திட்டம் உங்களுடையது என்பதைப் பணிவோடு நினைவுபடுத்துகிறேன். லோஜினிக்கு முப்பத்தொரு வயது. தேநீர்த் தட்டோடு ஹோலுக்குள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். லொங்குய்யில் அந்தப் பெடியனும் சோபாவில் இருந்து அந்தத் தேநீரைக் குடிக்க மாட்டேன் என்றானாம். இவ்வளவு மனப்பொருத்தம் உள்ள இருவரை விடக்கூடாது என்றீர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓர் ஆறும் ஒரு மெட்ரோப் பயணமும்தான். ஆனால் மெட்ரோவில் தற்செயலாகச் சந்தித்தால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், கரீபியன் கடலில் சந்தித்தால் நம்புவார்கள் என்பது உங்கள் கணிப்பு. இரண்டு குடும்பமும் ஒரே கப்பலில் ஏற வேண்டும், பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லக்கூடாது, எங்காவது எதிர்ப்பட்டு "அட, நீங்களும் மொன்றியலோ!" என்று வியக்க வேண்டும். "உவ்வளவு பெரிய கப்பலில எப்பிடி அத்தான் அவையளைக் கண்டுபிடிக்கிறது?" என்று கமலாவதி கேட்டாள். நீங்கள் சொன்ன பதிலை அவள் இன்றைக்கும் உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறாள்: "கப்பல்தானே பிள்ளை, எங்க ஓடப் போகினம்?"

அத்தான், எங்கள் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியை அப்படியே தூக்கி நிமிர்த்தி, வெள்ளையடித்து, உச்சியில் ஒரு நீச்சல் குளத்தை வைத்துக் கடலில் விட்டால் எப்படி இருக்கும்? அதுதான் அந்தக் கப்பல். நெரிசலும் ஏறக்குறைய அதே; ஒருவருக்கும் வேலையில்லை என்பது மட்டும் வித்தியாசம். திருகோணமலைத் துறைமுகத்தில் வந்து நின்ற கப்பல்களை எல்லாம் பார்த்திருக்கிறேன். அவற்றின் வயிற்றுக்குள் ஒரு தெருவும், தெரு நிறைய ஐஸ்கிரீமும் இருக்கக்கூடும் என்று எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

ஏறிய அன்றே தொலைபேசி செத்தது. அடுத்து, கிழமைகள் செத்தன. லிப்டின் தரைவிரிப்பில் "வியாழன்" என்று எழுதியிருப்பார்கள். அதன் மேல் நிற்கும் வரையில் அன்று வியாழன், கதவு திறந்து வெளியே வந்தால் மறுபடியும் வெறும் நாள். பல் துலக்கும்போது கண்ணாடிக்குள் ஒரு பச்சைத் தீவு வந்து நிற்கும். வாயைக் கொப்பளித்துத் திரும்பினால் அது யாரோ கூப்பிட்டது போலப் பின்னால் போய்க்கொண்டிருக்கும். அதன் பெயர் என்ன, அங்கே ஆர் இருக்கினம் என்று கேட்கத் தோன்றாது. காலடியில் எந்நேரமும் மெல்லிய அதிர்வு, உறங்கும் பெரிய பூனையொன்றின் மேல் நடப்பது போல. மாலையில் அறைக்கு வந்தால் கட்டிலில் துவாயில் மடித்த ஒரு யானையோ அன்னமோ உட்கார்ந்திருக்கும். கமலாவதி அவற்றைக் குலைக்க விடவில்லை. "பாவம், ஒரு மனுசன் மினக்கெட்டுச் செய்தது" என்றாள். சில நாளில் எங்களிடம் ஒரு மிருகக்காட்சிச்சாலை இருந்தது. குளித்துவிட்டுத் துடைக்க ஒரு துவாய் இருக்கவில்லை. நான் காற்றில் காய்ந்தேன். உண்மையைச் சொன்னால், அது நன்றாகவே இருந்தது.

ஆனால் நாங்கள் காய்வதற்குப் போகவில்லை. தற்செயலான சந்திப்பு எந்த நேரமும் நிகழலாம் என்பதால் கமலாவதி காலைச் சாப்பாட்டுக்கே பட்டுச்சேலை உடுத்தாள். அரைக்காற்சட்டைக் கூட்டத்துக்கு நடுவில், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் எங்கள் மகள் கேட்டாள்: "அம்மா, முட்டை சாப்பிடுறதுக்கு ஏன் காஞ்சிபுரம்?"

"காத்துக்குத்தான் பிள்ளை. கனமா இருந்தாப் பறக்காது."

லோஜினி என்னைப் பார்த்தாள். நான் முட்டையைப் பார்த்தேன். நாள் முழுக்க மற்றவர்களின் உள்ளே பார்க்கிறவளிடம் நாங்கள் ஒரு திட்டத்தை ஒளித்து வைத்திருந்தோம்.

வரவேற்பு மேசையில் விசாரித்திருக்கலாமே என்பீர்கள். முதலாவது, பெண் பகுதி தேடிப் போனதாக நாளைக்கு ஒரு கதை வரும். இரண்டாவது, என்னவென்று விசாரிப்பது? நீங்கள் எங்களுக்கு அவர்களின் பெயரைச் சொல்லவேயில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஆரம்பத்திலிருந்து "லொங்குய்ய் ஆக்கள்" என்றீர்கள், நாங்களும் "லொங்குய்ய் ஆக்கள்" என்றோம். அவர்கள் வீட்டில் நாங்கள் "கார்ட்டியர்வில் ஆக்கள்" ஆக இருந்திருப்போம். இந்த நாட்டில் சாதகம் கைமாறும் வரை எங்களில் ஒருவருக்கும் பெயர் கிடையாது. நீங்கள் அனுப்பிய கல்யாணவீட்டுப் படத்திலோ தகப்பனுடைய முகத்தைக் குத்துவிளக்கு மறைத்திருந்தது. விளக்குக்கு மேலே தெரிந்த ஒரு வழுக்கைத் தலைதான் எனக்கு இருந்த ஒரே அடையாளம்.

அந்தத் தலையை இரண்டாம் நாள் காலை கண்டேன். கறுத்து, உயர்ந்து, என் வயதுடைய மனிதர். தட்டிலிருந்த பொரித்த உருளைக்கிழங்கை ஒரு வாய் சாப்பிட்டார், கவலையோடு யோசித்தார், பிறகு தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் போத்திலை எடுத்து மிளகாய்க் குழம்பை அதன் தலையில் ஊற்றினார். சொந்த உறைப்போடு கப்பலேறியவர் வேறு ஆராக இருக்க முடியும்? பக்கத்தில் போய் இருந்தேன். போத்திலை என் பக்கம் தள்ளினார். எனக்குக் கண் கலங்கியது, பாதி உறைப்பால்.

"சாமி" என்று ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்தினார். வேலை செய்யும் இடத்தில் பெயரைச் சுருக்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். என்னையும் தொழிற்சாலையில் கடைசி வரை பிரெஞ்சில் "மிஸ்யூ கனா" என்றுதான் கூப்பிட்டார்கள். தமிழ் பேசினால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும் என்று ஆங்கிலத்தில் பேசுகிறார், எவ்வளவு பக்குவம் என்று வியந்தேன். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழைவிட ஆங்கிலம் நன்றாக விளங்கும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் இருவரும் மேல்தளத்தைச் சுற்றி நடந்தோம். கடல் அந்த நேரத்தில் இஸ்திரி போட்ட துணி போல இருக்கும். வெயில் வருமுன் வரும் வெளிச்சத்தில் எதைக் கேட்டாலும் அது கேள்வி போல இருக்காது. ஊரைக் கேட்டால் விசாரணையாகிவிடும் என்று ஊரை விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கேட்டேன். மகன் என்ன செய்கிறார்? எஞ்சினியர், பாலம் கட்டுகிறார். நீங்கள் சொன்னதும் எஞ்சினியர்தான். சொந்த வீடா? ஓம். குடிப்பழக்கம்? நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும். குடும்பத்தில் சீனி வருத்தம், நெஞ்சு வருத்தம்? அவர் தயங்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஒரு மாப்பிள்ளையின் தகப்பன் இவ்வளவு நேர்மையாக இருந்து நான் பார்த்ததில்லை. மகனை மட்டும் எங்கும் காணவில்லை. கேட்டால் அவசரப்படுவது போலாகும்.

"வெக்கத்தில றூமுக்குள்ள இருக்கிறான் போல" என்று கமலாவதி முடிவு செய்தாள். "அடக்கமான பெடியன்."

ஐந்தாம் நாள் எல்லோரும் நல்ல உடுப்புப் போட்டு வரவேண்டிய விருந்து. சாமியும் மனைவியும் எங்களுக்குப் பக்கத்து மேசையில் இருந்தார்கள், தற்செயலாக. நான் பரிசாரகரிடம் சொல்லி வைத்திருந்தேன். இனிப்பு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்: "அப்ப, நாங்கள் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்தானே?"

சாமி கரண்டியை வைத்தார். "மிஸ்டர் கனா, நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். நீங்கள் விற்கிற இன்சூரன்ஸ் எந்தக் கம்பனி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"நாலு நாளாக வருத்தம், வருமானம் எல்லாம் கேட்டுவிட்டீர்கள். எப்போது பேப்பரை எடுப்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்ல மனிதர், இவரிடமே வாங்குவோம் என்று மனைவிக்கும் சொல்லிவிட்டேன்."

கமலாவதி தன் பட்டுத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். நான் மெதுவாக, இன்சூரன்ஸ் இல்லை, உங்கள் மகனும் எங்கள் மகளும், என்று சொல்லி முடிப்பதற்குள் லோஜினி எழுந்துவிட்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்பக்கத்திலிருந்து தெரியவில்லை. மகன் கப்பலிலேயே இல்லை, ஒட்டாவாவில் பாலத்தோடு இருக்கிறானாம். சாமியின் முழுப்பெயர் ராம்சமி, பிறந்தது கயானாவில். "என் ஆக்களும் மெட்ராசிலிருந்து கப்பலில்தான் போனார்கள்" என்றார், என் கையைத் தட்டிக்கொடுத்து. "கரும்பு வெட்ட. திரும்பி வருகிற டிக்கெட்டை ஒருவரும் பாவிக்கவில்லை." அந்தக் கப்பலில் சாப்பாடு எப்படி என்று நான் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கேள்வியை விழுங்கினேன்.

லோஜினி மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சூரியன் இறங்கி, கடலும் வானமும் ஒரே பழச்சாற்றில் கரைத்தது போலக் கிடந்தன. எவ்வளவு தூரத்தில் தண்ணீர் முடிகிறது என்று சொல்ல முடியாது. நான் பக்கத்தில் போய் நின்று, லொங்குய்யிலிருந்து அந்தத் தேநீர் வரை திட்டம் முழுவதையும் சொன்னேன். கப்பல் போகிறதா, கடல்தான் எங்களைத் தாண்டிப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்பா, இந்த லொங்குய்ய் பெடியன் உண்மையாவே கப்பலில இருக்கிறானோ?"

"இருக்க வேணும் பிள்ளை."

"பாவம். எங்கயோ ஒரு தளத்தில தேத்தண்ணி இல்லாம இருப்பான்." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "என்னட்டயே கேட்டிருக்கலாமே அப்பா."

"கேட்டா நீ மாட்டன் எண்டிருப்பாய்."

"ஓம். மாட்டன் எண்டுதான் சொல்லியிருப்பன். பேந்து யோசிச்சிருப்பன். நீங்கள் ஒருநாளும் என்னை அந்த ரெண்டாவதைச் செய்ய விடுறேல்லை."

இனி உனக்குத் தெரியாமல் ஒன்றும் செய்ய மாட்டேன் என்று சொன்னேன். "பிராமிஸ்?" என்றாள், சின்னப் பிள்ளையில் கேட்பது போல. ஓம் என்றேன். அவள் என் தோளில் தலையைச் சாய்த்தாள். எங்களைச் சுற்றி முழுக் கடலும் இருந்தது, எந்த ஆக்களும் இல்லை.

லொங்குய்ய் ஆக்கள் எங்கே இருந்தார்கள் என்பது உங்கள் தொலைபேசியில்தான் தெரிந்தது. கமலாவதியின் பட்டுச்சேலையை முதல் நாளே கண்டுவிட்டார்களாம். பெண் பகுதி வந்து கதைக்கட்டும் என்று ஒரு தூணுக்குப் பின்னால் காத்திருந்தார்களாம். நான் சாமியோடு சுற்றுவதைக் கண்டதும், வேறு இடத்தில் பேச்சு நடக்கும்போது இடையில் போவது பண்பில்லை என்று அந்தத் தூணிலேயே நின்றுவிட்டார்களாம். பண்பான குடும்பம். எங்கள் இரு பகுதியும் பண்பில் கொஞ்சம் குறைந்திருந்தால் விஷயம் முதல் நாளே முடிந்திருக்கும் என்று அவர்களிடம் என் மன்னிப்போடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஆகவே, இத்தோடு லோஜினிக்கு இடம் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள் அத்தான். பெயரில்லாத ஆக்களும் வேண்டாம், தற்செயலும் வேண்டாம். இனி எதுவானாலும் அவளிடம் நேரே கேட்பேன். அவள் மாட்டேன் என்பாள். நான் பொறுத்திருப்பேன். இது என் உறுதியான முடிவு.

அக்காவின் முழங்கால் நோ குறையவும், உங்கள் கோபம் அதற்கு முன்பே குறையவும், ரொறன்ரோவில் உங்கள் தலை பழையபடி நிமிரவும் கோணேசப் பெருமானை வேண்டிக்கொண்டு,

என்றும் உங்கள் அன்பு மைத்துனன்,
கனகசிங்கம்

பி.கு.: இதை உறையில் இடும் நேரத்தில் சாமி ஒட்டாவாவிலிருந்து போன் எடுத்தார். மகன் ஒரு பாலத்தைப் பார்வையிட இந்தச் சனிக்கிழமை மொன்றியல் வருகிறானாம். "அவனிடம் விஷயத்தைச் சொல்லிவிடவா?" என்று வெள்ளை மனதோடு கேட்டார். வேண்டாம், தற்செயலாக இருக்கட்டும் என்றேன். ஜான் தாலோன் சந்தையில், தக்காளிப் பக்கம். கமலாவதி "ராமசாமி எண்டாத் தமிழ்தானே" என்று சொல்லிக்கொண்டு அந்தச் சேலையை இஸ்திரி போடுகிறாள். லோஜினிக்குச் சனிக்கிழமை வேலையில்லை. கத்தரிக்காய் வாங்கப் போவோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நேரே கேட்கத்தான் நினைத்தேன் அத்தான். ஆனால் கேட்டால் மாட்டேன் என்பாள், பிறகு யோசிப்பாள். பெடியன் ஞாயிறு காலையே திரும்பிவிடுகிறான். நீங்கள் ஒருவருக்கும் மூச்சு விட வேண்டாம். சந்தையிலும் தூண்கள் உண்டு, மறுபடி அவர்கள் கண்ணில் படக்கூடாது; லொங்குய்ய் ஆக்கள் சனிக்கிழமைகளில் மரக்கறி வாங்க எந்தச் சந்தைக்குப் போகிறவர்கள் என்று மட்டும், தற்செயலாகக் கேட்பது போலக் கேட்டு, உடனே அறிவிக்கவும்.