ஒன்பதாம் வகுப்பு விழித்துக்கொண்ட கதை

ஒரு காட்டில் ஓர் உயர்நிலைப்பள்ளி இருந்தது. அங்கே ஒன்பதாம் வகுப்புக்குக் கணினி அறிவியல் நடத்தியவர் தணிகாசலம் என்ற கீரி. அவர் ‘முதல் தலைமுறைக் கணினி வெற்றிடக் குழாய்களால் ஆனது’ என்று ஆரம்பித்தால் போதும், கடைசி பெஞ்சில் எருமை கண்ணை மூடும். இரண்டாம் தலைமுறைக்கு வருவதற்குள் முன்பெஞ்சும் சாய்ந்துவிடும். வாத்தியாருக்கு அது பெரிய மனக்குறை.

கோடை விடுமுறையில் அவரைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மயில் வந்து, “பாடத்தைப் பிள்ளைகளின் வாழ்க்கையோடு சேர்த்து நடத்துங்கள்” என்று சொல்லி, ஆளுக்கொரு ஃபைலும் சமோசாவும் கொடுத்தது. தணிகாசலம் நல்லவர். அதை அப்படியே நம்பினார்.

பள்ளி திறந்ததும் கேட்டார்: “உங்க வீட்டுல பெரிய பிரச்சினை எதுன்னு சொல்லுங்க. அதுக்கே ப்ரோகிராம் எழுதலாம்.”

“சிங்கம்தான் சார்” என்றது மான்குட்டி வடிவு. “தினம் ஒருத்தரைச் சாப்பாட்டுக்கு அனுப்பணும். யாரை அனுப்புறதுன்னு ஓயாத சண்டை.”

“அருமை! யாரையெல்லாம் அனுப்பக் கூடாதுன்னு நிபந்தனை சொல்லுங்க.”

வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது, எருமை உட்பட. குட்டி உள்ளவர்கள் வேண்டாம் என்றது வடிவு. முள் உள்ளவர்கள் வேண்டாம் என்றது முள்ளம்பன்றி. காட்டுக்கு உபயோகமானவர்களை விட்டுவிடலாம் என்றது எருமை. மணி அடித்தும் ஒருவரும் விளையாடப் போகவில்லை. தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

ப்ரோகிராம் ஓடியது. திரையில் ஒரே ஒரு பெயர் வந்தது: தணிகாசலம்.

அவர் கட்டைப் பிரம்மச்சாரி. முள்ளும் கிடையாது. மூன்றாவது நிபந்தனையைப் பற்றி அவர் யாரையும் கேட்கவில்லை. வரி வரியாகத் தப்புத் தேடினார். ஒன்றுகூட இல்லை.

“வேணும்னா இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கவா சார்?” என்றது வடிவு, மரியாதையாக. மறுபடியும் அதே பெயர்தான் வந்தது.

வகுப்புக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டுச் சிங்கத்தின் குகைக்கு நடந்தார்.

“யாருய்யா நீ?” என்றது சிங்கம்.

“கம்ப்யூட்டர் வாத்தியாருங்க.”

“கம்ப்யூட்டரா? அப்படின்னா?”

பயத்தில் பயிற்சி முகாம் முழுக்க மறந்துபோயிற்று. பழக்கம்தான் வாயில் வந்தது. “முதல் தலைமுறைக் கணினி வெற்றிடக் குழாய்களால் ஆனது…”

மூன்றாம் தலைமுறையில் சிங்கம் குறட்டை விட்டது. தணிகாசலம் பூனை நடை போட்டு வெளியே வந்தார்.

மறுநாள் வகுப்பு ஆவலோடு காத்திருந்தது. அவரைப் பார்த்ததும் வடிவின் முகம் வாடியது. “ப்ரோகிராம்ல ஏதோ தப்பு இருக்கு போல சார். திருத்திடலாமா?”

“புத்தகத்தை எடுங்க. முதல் பாடம்” என்றார்.

எருமை கண்ணை மூடியது.

நீதி: பாடத்தைச் சுவையாக நடத்தினால் மாணவர் விழித்துக்கொள்வார், பழையபடி நடத்தினால் ஆசிரியர் பிழைத்துக்கொள்வார்.