நல்லா காது கேட்கும் உரிமை

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி எப்படி என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் கேலி செய்யவில்லை. நேற்று போனில் நீங்கள் கத்தியது என் வலது காதில் விழவில்லை, அது மாவு மில் இரைச்சலில் போன காது. இடது காதில் விழுந்த வரைக்கும் பதில் எழுதுகிறேன். என் வாயால்தான் உங்கள் மகள் பரீட்சை வேண்டாமென்று உட்கார்ந்துவிட்டாள் என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் போனையும் வைத்துவிட்டீர்கள். குற்றம் நிரூபிக்கிற வரைக்கும் ஒருத்தன் நிரபராதியாம். இது உங்கள் மகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. உங்களுக்குச் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. சரி, முழங்கால் எப்படி இருக்கிறது?

நடந்ததைக் கேளுங்கள். கோர்ட்டில் இங்கிலீஷில் பேசுவதைத் தமிழில் எடுத்துச் சொல்கிற மொழிபெயர்ப்பாளர் வேலை, நாளைக்குக் காலையில் அதற்குப் பரீட்சை. சட்ட வார்த்தை படிக்க மருமகள் பிடித்த புத்தகம் மனித உரிமைப் பிரகடனம். படிக்கிறவள் பேசாமல் படிக்க வேண்டியதுதானே? வீடு முழுக்கச் சீட்டு எழுதி ஒட்டினாள். குளியலறைக் கதவில் 'பிரைவசி, அந்தரங்கம்'. என் சாய்வு நாற்காலியில் 'அசைலம், புகலிடம்'. சமையல் மேடைக்கு மேலே 'ஸ்லேவரி, அடிமைத்தனம்' என்று ஒட்டினாள் பாருங்கள், என் வீட்டுக்காரி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தவள்தான், அன்றைக்கு ராத்திரி எல்லோருக்கும் ரொட்டியும் தண்ணியும். சிறைச்சாலை மாதிரியே இருக்கிறது என்றேன். அதுவும் கேலியாம். 'சென்டென்ஸ்' என்றால் வாக்கியம் என்றுதான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட எனக்குத் தெரியும். மருமகள், கோர்ட்டில் அதுக்குத் தண்டனைன்னு அர்த்தம் மாமா என்றாள். உடனே என் வீட்டுக்காரி, இவர் வாயத் தொறந்தா ரெண்டும் ஒண்ணுதான் என்கிறாள். அவளை யாரும் திட்டுவதில்லை, கவனியுங்கள்.

அப்புறம்தான் அந்தப் பாழாய்ப்போன 'ஃபேர் ஹியரிங்' வந்தது. நியாயமான விசாரணை என்று அர்த்தமாம். ஃபேர் நோட்டு என்றால் அழகாக எழுதுகிற நோட்டு, ஹியரிங் என்றால் காது கேட்பது, ஆகவே இது நல்லா காது கேட்கும் உரிமை, எனக்கு அதை மில் முதலாளி பறித்துவிட்டான் என்று சொன்னேன். மருமகளும் சிரித்தாள், நான் என்ன அதை மனப்பாடமா செய்யச் சொன்னேன்? தினமும் காலையில் அவள் அந்தப் பக்கத்துக்கு வரும்போது காதைக் குடைந்துகொண்டு ஒரு தடவை சொல்வேன். ஒரு ஞாபகத்துக்கு.

போன வாரம் பயிற்சி வகுப்பில் ஒத்திகை. வக்கீல் மாஸ்டர் இங்கிலீஷில் சொல்ல, எழுந்து நின்று உடனுக்குடன் தமிழில் சொல்ல வேண்டும். அவர் 'ஃபேர் ஹியரிங்' என்றதும் உங்கள் மகள் கணீரென்று, 'ஒவ்வொருவருக்கும் நல்லா காது கேட்கும் உரிமை உண்டு' என்றாளாம். வகுப்பே மேஜையைத் தட்டிச் சிரித்திருக்கிறது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாராம். வந்தவள் புத்தகத்தை அலமாரி மேலே பெட்டிக்கு அடியில் செருகிவிட்டு, சீட்டை எல்லாம் கிழித்துப்போட்டாள்.

"நாளைக்குக் கோர்ட்டுல ஒருத்தன் உயிர் என் வாயில இருக்கும் மாமா. அங்கேயும் இதுதான் வரும்" என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள். இதற்குத் தனிமைச் சிறை என்று பெயர், அதுவும் அந்தப் புத்தகத்தில் கூடாதென்றுதான் இருக்கும், படித்துச் சொல்ல ஆளில்லை. என் மகனைக் கேட்டால் நான் ரெண்டு பக்கமும் இல்லப்பா என்று நழுவுகிறான்.

ஆகவே சம்பந்தி, கத்துவதை என்னிடம் கத்தாமல் அவளிடம் கத்துங்கள். போகச் சொல்லுங்கள். ஒரு வருஷம் ராப்பகலாகப் படித்ததைக் கிழவன் ஒருத்தன் வாய்க்காக விடுவாளா? இல்லையென்றால் இங்கிலீஷே இந்த வீட்டுக்குள் வரக்கூடாதென்று நான் தடை போடுவேன். மகன் இதைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புவான்.

மருமகள் வாயில் சரியான வார்த்தை சரியான நேரத்தில் வரட்டும், உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் யாரும் கூண்டில் ஏறாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
இன்னும் நிரூபிக்கப்படாத சம்பந்தி

பி.கு.: மேலே உள்ளது அத்தனையும் ரத்து. போன் செய்ய வேண்டாம். மகன் தூங்கிவிட்டதால் கடிதம் ராத்திரி போகவில்லை. விடிந்ததும் அவள் காதில் விழட்டுமென்று கூடத்தில் நின்று சத்தமாகப் படித்தேன். மில்லைப் பற்றிப் படிக்கும்போது ஸ்டூல் இழுபடுகிற சத்தம். புத்தகம் கீழே வந்தது. பையில் போனது. நான் வேகமாகப் படித்தேன். தனிமைச் சிறைக்கு வரும்போது செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கேஸ் அட்ஜர்ன்டு மாமா. மிச்சத்த சாயங்காலம் விசாரிச்சுக்கிறேன்" என்றாள். வாய்தாவுக்கு இங்கிலீஷில் அப்படிச் சொல்வார்களாம். படியிறங்கிவிட்டாள். ஆசீர்வாதம் கடைசியில்தான் இருக்கிறது, அதை நான் இன்னும் படிக்கவே இல்லை, கூடத்து ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்து, இரும்மா ஒரே ஒரு சென்டென்ஸ்தான் என்று கத்தினேன். திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கி ஆட்டிக்கொண்டே தெருமுனை திரும்பிவிட்டாள், நான் மீதியை யாரிடம் படிப்பது?