இருபத்துநாலாவது கண்ணாடி

ஓர் அலுவலகத்தில் ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்தால் என்ன ஆகும்? காற்று வரும். மழை பெய்தால் சாரல் வரும். அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் அலுவலகத்தில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். பாவம், நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

நம் பதிவறை எழுத்தருக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை. நாலு வருஷமாக அவர் ஓர் ஊரில், மனைவியும் மகளும் இன்னோர் ஊரில், நடுவில் பதினோரு மணி நேரப் பேருந்து. மாறுதல் கேட்டு அவர் போட்ட மனுக்களை அடுக்கினால் அதன் மேல் ஏறி நின்று மின்விசிறியைத் துடைக்கலாம். கடைசியில் ஒரு திங்கட்கிழமை உத்தரவு வந்தேவிட்டது. மனைவி தட்டச்சராக இருக்கும் ஊருக்கே மாறுதல்! ஆனால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். தவறினால் உத்தரவு ரத்து.

மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். ஏழாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பெண், "நிஜமாவாப்பா? இல்ல, போன தடவை மாதிரியா?" என்று கேட்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. "நிஜம்டா கண்ணு" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் பயம் பிடித்தது.

பொறுப்பு ஒப்படைப்பது என்றால் இருப்புப் பதிவேட்டில் உள்ளதை எல்லாம் எண்ணிக் காட்ட வேண்டும். நாற்காலி ஒன்பது, சரி. இரும்பு அலமாரி ஆறு, சரி. ஜன்னல் கண்ணாடி இருபத்துநாலு. இரண்டு முறை எண்ணினார். இரண்டு முறையும் இருபத்துமூன்றுதான் வந்தது. பத்து நாளைக்கு முன்னால் அடித்த காற்றில் அவர் நாற்காலிக்குப் பின்னால் இருந்த கண்ணாடி நொறுங்கிப் போனது. துப்புரவு அம்மா சட்டத்தில் ஒட்டியிருந்த சில்லையும் விடாமல் பெருக்கி எடுத்துக் கொட்டியிருந்தார். அந்த அம்மா ஒருவர்தான் அந்த அலுவலகத்தில் வேலையைச் சுத்தமாகச் செய்கிறவர். அதுவும் வினையாகப் போனது. யானை நுழைந்துவிட்டது, வால் மாட்டிக்கொண்டது.

எழுத்தர் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனார்.

"அளவு சொல்லுங்கண்ணே, அறுத்துத் தர்றேன். மாட்டறதுக்குப் பத்து நிமிஷம்" என்றார் கடைக்காரர்.

செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடியோடு திரும்பியவரை வாசலிலேயே மறித்தார் மேலாளர். மேலாளருக்கு அலுவலகம் வைத்த பேர் 'அடிக்குறிப்பு'. எந்தக் காகிதத்தைக் கண்டாலும் அடியில் ஒரு குறிப்பு எழுதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஒருவர் கொடுத்த கல்யாணப் பத்திரிகையிலேயே 'பரிசீலிக்கலாம்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்த மனிதர்.

"கையில என்னய்யா?"

"கண்ணாடி சார். உடைஞ்சதுக்குப் பதிலா நானே..."

"உங்க சொந்தக் கண்ணாடிய அலுவலக ஜன்னல்ல மாட்டுவீங்களா? நாளைக்கு வந்து, 'இது என் கண்ணாடி, என்னைக் கேக்காம இது வழியா யாரும் வெளிய பாக்கக் கூடாது'ன்னு சொன்னா?"

"சொல்ல மாட்டேன் சார். எழுதியே தர்றேன்."

"எழுதித் தந்தீங்கன்னா, அப்படிச் சொல்ற உரிமை உங்களுக்கு இருந்துச்சுன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஒழுங்கா விண்ணப்பம் போடுங்க."

விண்ணப்பத்தில் ஏழாவது கட்டம்: 'பொருளின் தோற்றம், வரலாறு, அன்றாடப் பயன்கள்.' விண்ணப்பம் அச்சான நாள் முதல் அதை யாரும் நிரப்பியதில்லை. மேலாளர் அதை விரலால் தட்டிக் காட்டினார்.

எழுத்தருக்குக் கண்ணாடியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது உடையும் என்பதுதான். சாயங்காலம் மகளிடம் கேட்டார். அவள் பாடப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு போனிலேயே படித்தாள்.

"மணல்தான்ப்பா கண்ணாடி. மணலோட சாம்பல் உப்பும் சுண்ணாம்புக் கல்லும் சேத்து நெருப்புல உருக்கணும். முதல்ல மாலை கோக்கற மணிதான் செஞ்சாங்களாம். ரொம்ப நாள் கழிச்சு, குழாய்ல ஊதி ஊதிக் குப்பி பண்ணக் கத்துக்கிட்டாங்க. ஒரு ஊர்ல கண்ணாடி செய்யறவங்க எல்லாரையும் ஒரு தீவுல கொண்டுபோய் வெச்சுட்டாங்களாம். தொழில் ரகசியம் வெளிய போயிடும்னு, ஊரை விட்டே போகக் கூடாதாம்."

"ஐயோ பாவம். அவங்களும் மாறுதல் கேட்டு மனு போட்டிருப்பாங்க."

"போப்பா! எழுதிக்கோ. இப்ப ஜன்னல் கண்ணாடிய, உருக்கின வெள்ளீயத்து மேல மிதக்க விட்டுத் தகடா எடுக்கறாங்க."

எழுத்தர் உற்சாகமாக எழுதினார். 'முதியோரின் மங்கிய பார்வை முதல் இளையோரின் தலைவாரல் வரை, விளக்குக் குமிழ் முதல் மருந்துக் குப்பி வரை, கண்ணாடியின்றி மானுடம் ஓர் அடியும் எடுத்து வைக்க இயலாதென்பதைப் பணிந்து சமர்ப்பிக்கிறேன்' என்று முடித்தபோது அவருக்கே கண் கலங்கியது.

மேலாளர் படித்தார். அடியில் குறிப்பு எழுத இடம் போதாமல் தனித்தாள் இணைத்தார். மணல் சம்பந்தப்பட்டிருப்பதால் கனிமத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். நெருப்பு இருப்பதால் தீயணைப்புத் துறை. வாயால் ஊதியிருப்பதால் ஊதியவரின் மருத்துவச் சான்று. தீவு வருவதால் துறைமுகம்.

"சார், ஊதினவங்க செத்துப் பல நூறு வருஷம் ஆச்சு."

"இத்தனை வருஷமா சான்று வாங்காம இருந்திருக்கோம்னு சொல்றீங்க. அது இன்னும் பெரிய தப்பு இல்லையா?"

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் எழுத்தர் நாயாக அலைந்தார். தீயணைப்பு நிலையத்தில், "தீ இப்ப எரியுதா?" என்று கேட்டார்கள். இல்லை என்றார். "எரியும்போது வாங்க, உடனே கவனிக்கறோம்" என்று அன்பாக அனுப்பி வைத்தார்கள். மற்ற இடங்களில் அந்த அன்பும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஆய்வு அதிகாரி வந்து இறங்கினார். இருப்பைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். அன்று மட்டும் அந்த அம்மாளுக்கு இது ஐந்தாவது அலுவலகம். பதிவறை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே பேனா முனையால் ஜன்னல்களை எண்ணினார்.

"இருபத்துமூணு கண்ணாடியும் தூசி. சே! ஆனா உங்க நாற்காலிக்குப் பின்னால இருக்கறது மட்டும் எப்படி இவ்ளோ பளிச்சுனு இருக்கு? எதைப் போட்டுத் துடைக்கறீங்க?"

"ஒண்ணும் போடறதில்ல மேடம்."

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை?"

"ரெண்டு வாரமா அதைத் தொடவே இல்ல மேடம்."

"தொடாமலே இப்படியா!" அதிகாரி எழுந்து ஜன்னலுக்குப் போனார். தலையை வெளியே நீட்டி, "டிரைவர், வண்டிய நிழல்ல நிறுத்துப்பா!" என்று கத்தினார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். திரும்பி வந்து பதிவேட்டில் எழுதினார்: 'கண்ணாடி இருபத்துநாலும் உள்ளன. கடைசிக் கண்ணாடி மிக உயர்ந்த தரம். காற்றோட்டத்துக்கும் தடையில்லை.'

எழுத்தர் வாயைத் திறந்தார். ஊருக்குப் போகிற ஆசை அதை மூடிவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். மேலாளரும் வாயைத் திறந்தார். ஆனால் மேலதிகாரியின் தலை போய்வந்த ஒரு பொருளை இல்லையென்று மறுக்கும் விதி எதையும் அவர் படித்ததில்லை. 'பார்த்தேன்' என்று அடியில் ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டார். புதிதாக வந்த எழுத்தர் இருபத்துநாலையும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டார். நம்மவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு ஓடினார்.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆய்வு அறிக்கை தலைமையகத்துக்குப் போனது. தூசி படியாத, துடைக்கத் தேவையில்லாத, கல்லெறிந்தாலும் உடையாத கண்ணாடி! அங்கே பூரித்துப் போனார்கள். எல்லா அலுவலகங்களுக்கும், ஊழியர் குடியிருப்புகளுக்கும் அதே கண்ணாடி பொருத்த உத்தரவு பறந்தது. ஆட்கள் வந்தார்கள், பழைய கண்ணாடிகளைக் கழற்றினார்கள், புதுக் கண்ணாடி பொருத்தியதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். பெரிய மனிதர்கள் வீட்டுக்கும் அதுவே வேண்டும் என்றார்கள். "உங்க வீட்டுல இன்னும் பழைய கண்ணாடியா? கைபட்டா ரேகை விழுமே!" என்று விருந்தாளிகள் முகம் சுளித்தார்கள். பழைய கண்ணாடிக்காரர்கள் கூனிக் குறுகிப்போய் அவசரமாகக் கழற்றினார்கள்.

மூன்று மாதம் கழித்து மழைக்காலம் பிறந்தது. குடியிருப்பு வீட்டில் எழுத்தர் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார். நாலு வருஷம் ஏங்கிய சாப்பாடு. முதல் கவளம் வாய்க்குப் போவதற்குள் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துத் தட்டு நிறையத் தண்ணீர். மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினாள். அங்கேயும் அதே கண்ணாடி.

எழுத்தருக்கு மனசு தாங்கவில்லை. மனைவியின் அருகில் நகர்ந்து குரலைத் தாழ்த்தினார். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ஜன்னல்ல கண்ணாடியே இல்ல. நான் இங்க வரணும்னுதான் வாய மூடிக்கிட்டேன். இப்ப உண்மையச் சொன்னா என் மாறுதல் செல்லாது, திருப்பி அனுப்பிடுவாங்க."

மனைவி முகத்தில் வழிந்த தண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டார். "மெதுவா பேசுங்க. எனக்குத் தெரியாதா? எங்க ஆபீஸ்லயும் மாட்டினாங்க. பெற்றுக்கொண்டேன்னு நானும்தான் கையெழுத்துப் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் காதுல விழுந்துடப் போகுது."

"பரவாயில்லம்மா, சத்தமாவே பேசுங்க" என்று பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "இந்தத் தெருவுல யாரு கையெழுத்துப் போடல? உங்ககிட்ட குடை ஒண்ணு அதிகமா இருந்தா, கண்ணாடி வழியா அப்படியே நீட்டுங்க."