ஐந்து முனியாண்டிகளும் ஒரு கம்ப்யூட்டரும்

என் அப்பாவைப் போலி ஆள் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டவள் நான்.

எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் ஈப்போவில் ஒரு தோட்டக் கம்பெனியின் அலுவலகத்தில் தற்காலிக வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். (பள்ளி இறுதியான ஐந்தாம் படிவச் சான்றிதழை அப்பா சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். சாமிக்குத்தான் இடநெருக்கடி.) எல்லாத் தோட்டங்களின் ஆள் விவரங்களையும் ஒரே கம்ப்யூட்டரில் சேர்க்கச் சொன்னார் மேனேஜர். ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம்.

முதலில் வந்தது தெலுக் இந்தான் பக்கம் அப்பா வேலை செய்யும் தோட்டத்தின் பதிவேடு. தோட்டத்துக் கணக்கரான கிராணி கைப்பட எழுதியது. ஆட்டு முனியாண்டி, கட்டை முனியாண்டி, ரேடியோ முனியாண்டி... (ரேடியோ என் அப்பா. வாய் மூடமாட்டார்.) இதையெல்லாமா கம்ப்யூட்டரில் ஏற்றுவது? பட்டப்பெயர்களை மானம் காக்க நீக்கிவிட்டேன்.

சில வாரம் கழித்துப் பட்டியலை அச்செடுத்துப் பார்த்தால், ஐந்து முனியாண்டிகள். ஐவருக்கும் ஒரே பிறந்த தேதி, ஒரே வருடம். பட்டப்பெயர்களை நானே நீக்கியதும், ஐவரில் ஒருவர் என் அப்பா என்பதும் நினைவில் இல்லை. திருட்டைப் பிடித்த பெருமையில் மூளை விடுப்பில் போயிருந்தது. கிராணிக்குப் போன் போட்டேன்.

"அஞ்சு பேரும் ஒரே நாள்லயா பொறந்தாங்க, ஐயா?"

"தேதி தெரியாதவங்களுக்கெல்லாம் அடையாளக் கார்டு எடுக்கறப்ப ஒரே தேதி போட்டுட்டாங்கலா. ஏம்மா, உங்கப்பாவக் கேட்டுப் பாரேன்."

என் அப்பாவை ஏன் இழுக்கிறார்? சந்தேகம் உறுதியாகிவிட்டது. 'ஒருவர் உண்மை, நால்வர் போலி' என்று அறிக்கை எழுதினேன். மேனேஜர் முதுகில் தட்டாத குறை. விசாரணை முடியும்வரை ஒரு முனியாண்டி போதும் என்று தோட்டத்துக்குக் கடிதம் போனது.

விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டால்தான் அன்றைக்கு வேலை. அந்தத் திங்கட்கிழமை ஆட்டு முனியாண்டியை மட்டும் கூப்பிட்டார்கள்.

மதியம் மற்ற நால்வரும் பஸ் பிடித்து வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்கள். அப்பா சலவைச் சட்டையில் இருந்தார்.

"நாங்க நாலு பேரும் போலியாம்லா. எழுதுன ஆளப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

"எழுதுனது நான்தாம்ப்பா."

அப்பா அப்போது மட்டும் பேசவில்லை. கட்டை முனியாண்டி மெதுவாகச் சொன்னார்: "ரேடியோவையே நிறுத்திட்டியேம்மா."

மேனேஜர் எட்டிப் பார்த்து, அப்பாவைக் காட்டி இவர் யார் என்றார். என் அப்பா என்று சொல்லும்போது காது சுட்டது. பட்டப்பெயர்களை நீக்கியது நான்தான் என்றும் ஒப்புக்கொண்டேன். மறுநாளே நால்வர் பெயரும் பெரட்டில் ஏறியது. என் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருடம் ஆனது. அதற்குள் கம்ப்யூட்டரில் பட்டப்பெயருக்கென்று தனி இடம் ஒதுக்கினேன்.

இன்றும் வீட்டுக்குப் போன் செய்தால், என் குரல் கேட்டதும் அப்பா கேட்பார்:

"எந்த முனியாண்டி வேணும்மா?"