பதினாறு தலைப்பாகைகள்

விமல் கார்கானிஸ் அம்மாள் பேனாவை மூன்றாவது முறையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"காக்கூ, ஒரே ஒரு கையெழுத்து! விரார்ல புது ஃபிளாட், லிஃப்டோட!" என்று கெஞ்சினான் சேத்தன் வோரா. மும்பை கிர்காவில் அந்த அம்மாள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடம் அவனுடையது. கட்டடத்துக்கே அவர் காக்கூ, அதாவது சித்தி; அவர் கையெழுத்துப் போட்டால் மற்ற பதினைந்து குடித்தனங்களும் போட்டுவிடும். பிறகு இடிக்க வேண்டியதுதான்.

"நாப்பத்தெட்டு வருஷமா இருக்கேன். என்னை இங்கேருந்து கிளப்பணும்னா நாலு பேர் தூக்கிட்டுத்தான் போகணும். நான் எந்த முறையில குடியிருக்கேன், சொல்லு?"

"பக்டி முறை."

"பக்டின்னா?"

"மொத்தமா வாங்குற முன்பணம்..."

"தலைப்பாகைடா! எங்க மாமனார் குடிவந்தப்போ உங்க தாத்தாவுக்குத் தலைப்பாகை வச்சு மரியாதை பண்ணினார். நீ பேனாவை நீட்டிக்கிட்டு வர்றே. மரியாதை எங்கேடா?"

இவ்வளவுதானே என்று சேத்தனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மறுநாளே சரிகைத் தலைப்பாகை ஒன்றை வாங்கி வந்து காக்கூவின் தலையில் வைத்தான்.

காக்கூ கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு. கையெழுத்தைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்."

அதற்குள் மேல்மாடியிலிருந்து இன்னொரு குடித்தனக்காரர் தோத்ரே கத்தினார். "அவங்களுக்குத் தலைப்பாகை, எங்களுக்கு வெறும் பேனாவா? நாங்க என்ன தொக்கா?"

ஞாயிற்றுக்கிழமை, கல்யாணங்களுக்குத் தலைப்பாகை கட்டும் தகடூ வரவழைக்கப்பட்டார். பதினைந்து தலைகள். பாதிப் பேர் காவி நிறம்தான் வேண்டும் என்றார்கள். மேளம் இல்லாமல் இதென்ன மரியாதை என்றது ஒரு வீடு. மேளம் வந்தது. மேளத்தோடு தெருவே வந்தது.

"செருப்பைக் கழட்டிட்டு வைடா!" என்றார் தோத்ரே. சேத்தன் கழற்றினான். வெயிலில் கொதித்த தரையில் குதித்துக் குதித்து, ஒவ்வொருவர் முன்னும் குனிந்து தலைப்பாகை வைத்தான்.

கடைசியில் பதினாறு பேரும் மாடி வராந்தாக்களில் ராஜா ராணி போல வரிசையாக நின்றார்கள். கீழே சேத்தன் வெறுங்காலோடு பேனாவை உயர்த்தினான்.

"காக்கூ, மரியாதை பண்ணியாச்சு. இப்பவாவது போடுங்க!"

"மாட்டேன்!" என்றார் காக்கூ. தலைப்பாகையின் குஞ்சம் ஆடியது.

"மாட்டோம்!" என்று மூன்று மாடியும் முழங்கியது.

சேத்தன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். மிச்சத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்த தகடூ அவனருகே வந்து, பரிவோடு கேட்டார்:

"பக்டி குடுக்கிறவர் குடித்தனக்காரர், வாங்கிக்கிறவர் வீட்டுக்காரர். ஊரே பாக்கப் பதினாறு பேருக்குக் குடுத்துட்டீங்க. சேட், நீங்க எந்த ரூமுக்குக் குடிவரப் போறீங்க?"