இருபது நொடியில் ஆங்கிலம்

என் மனைவியின் தம்பியும் என் ஆங்கில ஆசிரியனுமான உனக்கு,

இவ்வளவு நாள் வாய் மூடி இருந்தது போதும். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. வாரம் மூன்று நாள் திரையில் பார்க்கிறேன், நலமாகத்தான் இருக்கிறாய்.

இணையவழி வகுப்பு என்றாய், நம்பிச் சேர்ந்தேன். கோடு போட்ட நோட்டும் வாங்கினேன். நீயோ இரண்டாம் நாளே நெஞ்சு படபடக்கும் இசையைப் போட்டு, "வினாடி வினா விளையாடலாம், பேரைப் போட்டு உள்ள வாங்க" என்றாய். பட்டம், அப்பா பெயர், என் பெயர் என்று முழுதாகத் தட்டினேன்; அப்பா பெயர் முடிவதற்குள் பெட்டி நிறைந்துவிட்டது. அன்று முதல் என் தகப்பனார்தான் பாதிப் பெயரோடு கடைசி இடத்தில் நிற்கிறார். என்னோடு சேர்ந்த உன் அக்கா 'குட்டிப்புலி' என்ற பெயரில் முதலிடம்.

ஒரு கேள்விக்கு இருபது நொடி. படித்தவன் என்ன செய்வான்? கேள்வியை நோட்டில் எழுதி, விடையை நிரப்பி, அடிக்கோடு போட்டுவிட்டுத்தானே பொத்தானைத் தொடுவான்? அதற்குள் "நேரம் போச்சு அத்தான்" என்று சிரிக்கிறாய். நோட்டில் நாற்பதுக்கு நாற்பது, திரையில் சுழி. மேசையின் மறுமுனையிலிருந்து உன் அக்கா, "எழுதாதீங்க, அமுக்குங்க" என்கிறாள்.

"படிக்காம எப்படி அமுக்கறது?"

"நான் அமுக்கலையா?"

இன்று மாலைப் போட்டியில் கடைசியாக வருகிறவர் ஆரம்பநிலை வகுப்புக்கு இறங்க வேண்டுமாம். அங்கே படிப்பவர் யார் தெரியுமா? ஆங்கிலக் கடிதங்களைத் திருத்தச் சொல்லி அலுவலகத்தில் தினமும் என் முன்னால் நிற்கும் எழுத்தர். திரையில் அவர் பக்கத்துக் கட்டத்தில் நான் உட்காருவதா?

பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் நீ வாங்கிய மதிப்பெண்ணை உன் கல்யாணத்தில்கூட நான் சொல்லவில்லை. அந்த நன்றிக்காவது, இன்று நான் இறங்கினாலும் நோட்டைப் பார்த்து என்னைத் திரும்ப ஏற்றிவிடு. இந்த விளையாட்டை இத்தோடு நிறுத்து.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. உனக்கு ஆசி, வயதில் மூத்தவன், வேறு வழியில்லை.

பின்குறிப்பு: போட்டி முடிந்துவிட்டது. ஏழாவது கேள்வியில் உன் அக்கா என் நோட்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எழுத ஒன்றுமில்லாமல் அமுக்கினேன், சரி. அடுத்ததும் சரி, அதற்கடுத்ததும் சரி, அப்பா ஒவ்வொரு படியாக ஏறுகிறார், ஓய்வுபெற்ற மேலாளரைத் தாண்டுகிறார், பல் டாக்டரைத் தாண்டுகிறார், கடைசிக் கேள்விக்கு நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றே அமுக்கினேன். மூன்றாம் இடம். உன் அக்கா "சபாஷ்" என்றாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் முதல் சபாஷ். இனி வாரம் ஐந்து நாளும் நடத்து. நிறுத்தச் சொல்லி எவனாவது எழுதினால் காதில் போட்டுக்கொள்ளாதே. எழுதியதைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை; அதனால் யார் எழுதியது என்று உனக்குத் தெரியாதபடி, கையெழுத்துப் போடாமல் தபாலில் சேர்க்கிறேன்.