உரியாத ரசம்

வெள்ளிக்கும் கண்ணாடிக்கும் பஞ்சாயத்துப் பண்ணி வைத்த ஒரே மனிதர் எங்கள் திருச்செங்கோட்டு ரசக்காரர்தான்! கண்ணாடியின் முதுகில் வெள்ளி ரசம் பூசுவது தொழில். முடிவெட்டும் கடையில் அவர் முகம் பார்த்ததே இல்லை. கண்ணாடியைத் திருப்பி முதுகைத்தான் பார்ப்பார். ஒருமுறை, "ரசம் உரியுதுங்க!" என்று பாதிச் சவரத்தோடு அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

அப்போது யுத்த காலம். நான் டூரிங் கொட்டகையில் ஆபரேட்டர். மெஷினுக்குள் எரியும் வெளிச்சத்தைத் திரைக்குத் திருப்ப ஒரு குழிக் கண்ணாடி உண்டு. தேர் நோம்பித் திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, சூடு தாங்காமல் அதன் ரசம் வெங்காயச் சருகாய் உரிந்துவிட்டது. சீமையிலிருந்து வேறு வர வழியில்லை.

"தேரன்னிக்குப் படம் ஓடலீன்னா நீ உன்ற ஊட்டுக்கே போயிரப்பா," என்றார் முதலாளி.

அன்றைக்குத்தான் என் புது மாமனார் படம் பார்க்க வருகிறார்!

ரசக்காரர் புதிதாய் ரசம் ஊற்றி, அதன்மேல் மெல்லிசாய்ப் பெயிண்ட் தடவினார். முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க, ஈ றெக்கையாட்டம் பூசறீங்க? மொத்தமா அப்புங்க!"

"மொத்தமாப் பூசுனா காயறப்போ சுருங்கும்ங்க. சுருங்குனா வெள்ளியப் புடிச்சு இழுக்கும்ங்க. அது பாவம், என்ன பண்ணும்?"

அவர் சாப்பிடப் போன நேரம், முதலாளி வண்டிச் சக்கரத்துக்கு வைத்திருந்த சிவப்புப் பெயிண்டை எடுத்து நாலு கை அப்பிவிட்டார். மறுநாள் காலையில் பார்த்தால், கல்லை விட்டு எழும்பும் தோசைபோல அத்தனை வெள்ளியும் பெயிண்டோடு எழும்பி நிற்கிறது!

ரசக்காரர் கோபிக்கவில்லை. "ஆளுக்கொரு பக்கம் இழுத்தா எந்தக் குடும்பந்தானுங்க ஒட்டி நிக்கும்?" என்று கண்ணாடியைத் தட்டிக்கொடுத்தார். மறுபடி மெல்லிசாய் ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொன்று. காவலுக்குத் தாமே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தேரன்று சாயங்காலம் கொட்டகை நிரம்பி வழிந்தது. ரசக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எடுத்ததும் சூடு காட்டாதீங்க சாமி. மெதுவா ஏத்துங்க."

திரையில் மங்கலாய் ஏதோ அசைந்தது.

"ஏனுங்க, படமா, பொகையா?" என்று கூச்சல். முதலாளி பல்லைக் கடித்தார். எனக்கு வேட்டி நனையாத குறை.

"இன்னுங் கொஞ்சம்... இப்ப ஏத்துங்க!"

பளீரென்று வெளிச்சம்! கொட்டகையே விசிலடித்தது. என் மாமனார் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கைதட்டினார்.

படம் முடிந்து திரும்பினால், திரைக்கு முதுகைக் காட்டி, மெஷினையே பார்த்தபடி சோடாப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறார் ரசக்காரர்.

"படம் எப்படிங்க?"

"அருமைங்க சாமி. ஒரு எடத்துலயும் உரியலீங்க."

இன்றைக்கும் வீட்டுக்குப் புதுக் கண்ணாடி வந்தால், என் முகம் பார்க்குமுன் அதன் முதுகை ஒருமுறை தட்டிக்கொடுக்கிறேன்.